உயிர்மூச்சுக்கு ஒரு குழாய்

கடலூர், சிதம்பரம் பகுதிகளில் சம்பா நடவு முடிந்து பயிர் தூர் கட்டும் சமயத்தில் வயல் வேலை மும்முரமாகிறது. பூச்சிமருந்து தெளிப்பது அப்போதுதான். பருவமழை பிடித்து, வளைகளில் நீர் புகுந்து, பாம்புகள் வரப்புக்கும் வீட்டுத் திண்ணைக்கும் ஏறி வருவதும் அப்போதுதான். விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் செல்லும் நெடுஞ்சாலையிலோ விபத்துக்குக் காலம் நேரம் இல்லை. விஷம், பாம்புக்கடி, சாலை விபத்து ஆகிய இம்மூன்றும் வெவ்வேறு ஆபத்துகள். ஆயினும் நிலைமை முற்றினால் மூன்றும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன, சுவாசம் தடைப்படுகிறது. அவ்வேளையில் ஆஸ்பத்திரியில் வைத்தியர் செய்யும் ஒரு முக்கியமான காரியத்தைப் பற்றியும், அது பலிப்பதற்குக் கிராமத்தில் நாம் செய்ய வேண்டியது, செய்யக்கூடாதது இன்னதென்பதைப் பற்றியும் இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றுக்கு வேலைகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். காலையில் பழையது சாப்பிட்டுவிட்டு வயலுக்குப் போன ஒரு தொழிலாளி, தாகத்துக்கு வரப்பில் கிடந்த குளிர்பானப் புட்டியை எடுத்துக் குடித்துவிட்டார். அதில் இருந்தது முதல் நாள் தெளித்து மீந்த பூச்சிமருந்து. ஊரார் கூடினர். வாந்தி எடுத்தால் விஷம் இறங்கிவிடும் என்று ஒருவர் உப்புநீர் கரைத்தார். மற்றொருவர் சாணிக்கரைசல் கொண்டுவந்தார். கண் செருகிக் கிடந்தவரைத் தூக்கி உட்காரவைத்து வாயில் ஊற்றினார்கள். நாமும் அங்கே நின்றோம். “சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்” என்று சொன்னோமே தவிர, “ஊற்றாதீர்கள்” என்று சொல்ல நமக்குத் தெரியவில்லை. வண்டியில் அவரை மல்லாக்கப் படுக்கவைத்துச் சென்றார்கள். வழியில் வாந்தி வந்தது; அதில் ஒரு பகுதி மூச்சுக்குழலுக்குள் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் தொண்டை வழியே குழாய் செலுத்திச் சுவாசத்தை மீட்டார்கள். ஒரு வாரத்தில் விஷத்தின் வேகம் தணிந்தது. ஆனால் நுரையீரலில் புகுந்த கழிவினால் கடுங்காய்ச்சல் கண்டு, பன்னிரண்டாம் நாள் அவர் காலமானார். துக்கம் விசாரிக்கச் சென்றபோது அவருடைய மனைவி, “எல்லாரும் நல்லதுதானே செய்தாங்க, ஐயா?” என்று கேட்டார். “ஆமாம், அம்மா” என்றோம். நல்லெண்ணத்தில் குறைவில்லை, தெரிந்திருக்க வேண்டிய ஒன்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தக் குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு தலைப்பு, இரண்டு வாய்க்கால்

கீழணையில் தேங்கும் கொள்ளிடத்து நீர், வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கும், வடக்கு ராஜன் வாய்க்கால் வழியாக வயல்களுக்கும் பிரிவதை நம் விவசாயிகள் அறிவார்கள். எந்த வழியில் எப்போது நீர் விடுவது என்பது மதகைப் பொறுத்தது. மதகைக் காக்கும் லஸ்கர் உறங்கிவிட்டால் நீர் போகத் தகாத வழியில் போய்விடும்.

நம் தொண்டையும் இத்தகைய தலைப்பே. அங்கிருந்து முன்புறம் மூச்சுக்குழலும் பின்புறம் உணவுக்குழலும் பிரிகின்றன. நாம் விழுங்கும்போதெல்லாம் மூச்சுக்குழலின் வாய் தானே மூடிக்கொள்கிறது. தப்பித் தவறி ஒரு பருக்கை உள்ளே போனாலும் புரையேறி, இருமல் அதை வெளியே தள்ளிவிடுகிறது. இந்த இருமலே நம் உடம்பின் லஸ்கர். ஒருவர் நினைவிழந்தாலும், தலையில் பலத்த அடிபட்டாலும், விஷத்தினால் தசைகள் தளர்ந்தாலும் இந்தக் காவல் போய்விடுகிறது. நாக்கு பின்னுக்குச் சரிந்து வழியை அடைக்கிறது. வயிற்றிலுள்ள உணவும் அமிலமும் மேலே வந்து, தடுப்பாரின்றி நுரையீரலில் பாய்கின்றன. அமிலம் பட்ட நுரையீரல் வெந்த புண் போலாகிறது. உணவுத் துணுக்கு அடைத்தால் மூச்சே நின்றுவிடும்.

இதனைத் தெளிவாக விளக்கியவர் அமெரிக்க வைத்தியர் கர்டிஸ் மெண்டல்சன். நியூயார்க்கிலுள்ள பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றின் பதிவேடுகளை ஆராய்ந்து 1946-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையில், 44,000-க்கு மேற்பட்ட பிரசவங்களில் 66 தாய்மார்களுக்கு மயக்கத்தின்போது வயிற்றிலிருந்தவை நுரையீரலில் புகுந்ததை எடுத்துக் காட்டினார். இன்று அறுவைச் சிகிச்சைக்கு முன் நோயாளிக்கு 6 மணி நேரம் திட உணவும், 2 மணி நேரம் தண்ணீரும் கொடாமல் நிறுத்தி வைப்பது இக்காரணத்தினால்தான். ஆனால் ஆபத்து முன்னறிவிப்புக் கொடுத்து வருவதில்லை. மேலும் வலியும் பயமும் உள்ளபோது வயிற்றின் செரிமானம் தேங்கி நின்றுவிடுகிறது. ஆகவே அவசர நோயாளி எவரையும் வயிறு நிரம்பியவர் என்றே வைத்தியர் கருதுகிறார்.

விரைவுமுறை என்பது என்ன?

சுவாசம் போதாத நோயாளிக்கு வாய்வழியே மூச்சுக்குழலுக்குள் ஒரு மெல்லிய குழாயைச் செலுத்துவது பழைய யுக்தியே. மயக்க மருந்து கொடுப்பதற்காக முதன்முதல் 1878-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரத்து வைத்தியர் வில்லியம் மெக்கீவன் இவ்வாறு செய்தார். விழித்திருப்பவர் தொண்டையில் குழாயைத் தொட்டாலே குமட்டும். எனவே உறக்கம் தரும் மருந்தும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் தேவை. ஆனால் அவற்றைக் கொடுத்தவுடன் மிஞ்சியிருந்த காவலும் போய்விடும். நோயாளியின் சொந்த மூச்சும் நின்றுவிடும். அந்த நொடியிலிருந்து குழாய் உள்ளே போய்ச் சேரும் நொடிவரை உள்ள இடைவெளியே அபாயம். அந்த இடைவெளியை ஒரு நிமிஷ அளவுக்குச் சுருக்குவதற்காக ஏற்பட்டதே, டாக்டர்கள் ‘ரேப்பிட் சீக்வென்ஸ் இண்டக்‌ஷன்’ எனக் கூறும் விரைவுமுறை. அதன் படிகள் வருமாறு:

முதலாவது, ஆயத்தம். எச்சிலையும் வாந்தியையும் உறிஞ்சும் கருவி, விளக்குப் பொருத்திய தொண்டைக் கருவி, பல அளவுக் குழாய்கள், மருந்துகள் யாவும் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கப்படும். குழாய் ஏறாவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதும் முன்கூட்டியே முடிவு செய்யப்படும். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு.

இரண்டாவது, பிராணவாயுவைச் சேமித்தல். நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்குதான் பிராணவாயு. முகமூடி வழியாகச் சுமார் 3 நிமிஷம் தூய பிராணவாயு கொடுத்தால் நுரையீரல் முழுவதும் அது நிரம்பிக்கொள்ளும். கோடைக்கு முன் ஏரியை நிரப்பி வைப்பது போன்றது இது. மூச்சு நிற்கும் சில நிமிஷங்களுக்கு இந்தச் சேமிப்பே உயிரைத் தாங்குகிறது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நுரையீரல் கெட்டவர்களுக்கும் இச்சேமிப்பு விரைவில் தீர்ந்துவிடும்.

மூன்றாவது, இரண்டு மருந்துகளையும் ஒன்றன்பின் ஒன்றாக உடனே ஊசி வழியாகச் செலுத்துதல். உறக்கத்துக்குக் கெட்டமின் போன்ற மருந்தும், தசைத் தளர்ச்சிக்குச் சக்ஸாமெத்தோனியம் அல்லது ரோக்குரோனியம் என்ற மருந்தும் வழங்கப்படுகின்றன. ஏறத்தாழ ஒரு நிமிஷத்தில் இவை வேலை செய்துவிடும். வழக்கமான மயக்க முறையில் இந்த இடைவேளையில் முகமூடி வழியாகக் காற்றை அழுத்திக் கொடுப்பார்கள். விரைவுமுறையில் கூடியவரை அதைத் தவிர்க்கிறார்கள். ஏனெனில் அந்தக் காற்று வயிற்றில் புகுந்து உணவை மேலே கிளப்பிவிடக்கூடும். பிராணவாயு குறைந்தால் மட்டும் மெதுவாகக் கொடுப்பார்கள். இதே வேளையில் குரல்வளையின் கீழுள்ள குருத்தெலும்பு வளையத்தை விரலால் அழுத்தி உணவுக்குழலை மூடும் யுக்தியை, 1961-ஆம் ஆண்டில் லண்டன் வைத்தியர் பிரையன் செல்லிக் எடுத்துரைத்தார். இதன் பயனைப் பற்றி இன்று வைத்தியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

நான்காவது, குழாயைச் செலுத்துதல். தொண்டைக் கருவியால் நாக்கை ஒதுக்கி, குரல் நாண்களுக்கு இடையே குழாயை நுழைத்து, அதன் நுனிக்கருகில் உள்ள சிறு பலூனில் காற்றடைப்பார்கள். பலூன் உப்பியதும் மூச்சுக்குழல் அடைபட்டு, மேலேயிருந்து எதுவும் கசிந்து உள்ளே செல்வது பெரும்பாலும் தடுக்கப்படுகிறது. மதகு மீண்டும் காவலுக்கு உட்பட்டது.

ஐந்தாவது, சரிபார்த்தல். வெளிவரும் மூச்சில் கரியமில வாயு இருப்பதைக் கருவி காட்டினால் குழாய் சரியான இடத்தில் இருக்கிறது என்று பொருள். பிறகு சுவாச இயந்திரத்தோடு இணைத்து, உறக்க மருந்தைத் தொடர்ந்து கொடுப்பார்கள்.

மருந்துப் புட்டியை ஏன் கேட்கிறார்கள்?

“என்ன மருந்து? எப்போது? புட்டி எங்கே?” என்று ஆஸ்பத்திரியில் கேட்கும்போது, உயிர் போகும் நேரத்தில் இதென்ன விசாரணை என்று உறவினர் கோபிப்பதுண்டு. இதில் ஒரு நுட்பம் உள்ளது. மேலே கூறிய சக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை இரத்தத்திலுள்ள ஒரு நொதி சிதைத்துவிடுவதால், வழக்கமாக அதன் வேகம் சுமார் 10 நிமிஷத்தில் நீங்கும். ஆர்கனோபாஸ்பேட் இனத்துப் பூச்சிமருந்துகள் அதே நொதியை முடக்கிவிடுகின்றன. அப்போது சில நிமிஷங்களில் நீங்க வேண்டிய தளர்ச்சி பல மணி நேரம் நீடிக்கலாம். விஷம் இன்னதென்று தெரிந்தால் வைத்தியர் வேறு மருந்தைத் தேர்ந்துகொள்வார். அந்த விஷத்துக்குரிய அட்ரோப்பின் ஊசியையும் தாமதமின்றித் தொடங்குவார். ஆகவே புட்டியோ, அதன் மேலுள்ள சீட்டோ நோயாளியுடன் செல்ல வேண்டும். சீட்டிலுள்ள சாய்சதுரத்தில் சிவப்பு நிறம் மிகக் கொடிய விஷத்தையும், அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை ஆகியவை படிப்படியாகக் குறைந்த கடுமையையும் குறிக்கும். பச்சை என்பதாலும் அது பானமாகிவிடாது.

இன்னொரு செய்தியும் முக்கியமானது. இவ்வகை விஷம் உண்டவர் முதல் நாள் தெளிந்து பேசியபின், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் திடீரெனத் தலையணையிலிருந்து தலையைத் தூக்க மாட்டாமல் தளர்ந்து, மூச்சுக் குறைந்து போவதுண்டு. 1987-ஆம் ஆண்டில் இதனை விவரித்தவர்கள் இலங்கை வைத்தியர்களான சேனநாயக்க, கரல்லியத்த ஆகிய இருவர். எனவே, “நன்றாகத்தானே பேசுகிறார்” என்று வைத்தியர் சொல்லைக் கேளாமல் வீட்டுக்கு அழைத்து வந்துவிடக் கூடாது.

பாம்புக்கடியும் சுவாசமும்

நல்ல பாம்பு, கட்டுவிரியன் ஆகியவற்றின் விஷம் நரம்பின் கட்டளை தசையை எட்டாதபடி தடுக்கிறது. முதலில் இமை சரியும். பிறகு பேச்சுக் குழறும். எச்சில் விழுங்க முடியாது. கடைசியில் மூச்சுத் தசைகள் ஓயும். இரவில் தரையில் படுத்திருப்போரைக் கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. விடியலில் வயிற்றுவலி என்றும், கண் திறக்க முடியவில்லை என்றும் கூறுவார்கள். இதை அலட்சியம் செய்யலாகாது.

விஷமுறிவு மருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கிடைக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் அது பொதுவானது. 1978-ஆம் ஆண்டில் ஏற்பட்ட வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தரும் விஷமும் இம்மருந்து தயாரிக்கப் பயன்படுகிறது. ஆனால் தசைகள் ஓய்ந்துபோனபின் மருந்து மட்டும் போதாது. அவை தெளியும்வரை குழாய் வழியாக மூச்சுக் கொடுத்தாக வேண்டும். இத்தகைய நோயாளி அசையாமல், இமை திறவாமல், பார்வைக்குப் பிணம் போலவே கிடக்கலாம். ஆயினும் சுற்றியிருப்போர் பேசுவது அவர் காதில் விழுந்துகொண்டிருக்கக்கூடும். வைத்தியர் சொல்லும்வரை எவரும் ஆசை விடலாகாது.

குழாயைக் கண்டு அஞ்ச வேண்டுமா?

“வாயில் குழாய் போட்டால் ஆள் திரும்பமாட்டார்” என்ற பேச்சு நம் கிராமங்களில் உண்டு. 2020, 2021-ஆம் ஆண்டுகளின் கொரோனா நாட்களில் இப்பயம் மேலும் வளர்ந்தது. குழாய் போட்ட அனைவரும் பிழைப்பர் என்று நாம் சொல்ல முன்வரவில்லை. மிகக் கடுமையான நிலையில் உள்ளவர்களுக்கே அது போடப்படுவதால் சிலர் இறக்கவே செய்கிறார்கள். ஆயினும் குழாய் நோயை உண்டாக்குவதில்லை. உடம்பு தேறுவதற்கு அவகாசம் வாங்கித் தருகிறது. 1952-ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, பியோன் இப்சன் என்ற வைத்தியரின் யோசனைப்படி, மூச்சு ஓய்ந்த நோயாளிகளின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து, மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் கையாலேயே காற்றுப் பையை அழுத்தினார்கள். எத்தனையோ குழந்தைகள் அதனால் பிழைத்தார்கள். அன்று மாணவர்கள் கையால் செய்ததை இன்று இயந்திரம் செய்கிறது. ஆகவே வைத்தியர் சம்மதம் கேட்கும்போது, ஊரிலிருந்து பெரியவர் வரட்டும் என்று காலங்கடத்தாமல் உடன் இருப்பவர் முடிவு சொல்ல வேண்டும்.

கிராமத்தில் செய்ய வேண்டியவை

1. உடனே 108-க்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். 2008-ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய இச்சேவைக்குக் கட்டணம் இல்லை.

2. விஷம் உண்டவருக்கு உப்புநீர், புளிக்கரைசல், சாணிக்கரைசல், மோர், தண்ணீர் எதுவும் புகட்டாதீர்கள். தொண்டையில் விரல்விட்டு வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள்.

3. நினைவில்லாமல் மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் இடப்புறமாக ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாந்தி வந்தால் வெளியே வழிந்துவிடும். வாயில் தென்படும் உணவையும், பொய்ப்பல் இருந்தால் அதையும் அகற்றுங்கள்.

4. விபத்தில் கழுத்தோ முதுகோ அடிபட்டிருக்கலாம் என்று தோன்றினால், தலையும் கழுத்தும் உடலும் ஒரே நேராக இருக்குமாறு பலர் சேர்ந்து பிடித்து, வாந்தி வரும்போது ஒருசேரத் திருப்புங்கள்.

5. மருந்து பட்ட உடையைக் களைந்து, உடம்பைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். கழுவுவோர் கையுறையோ பிளாஸ்டிக் பையோ கையில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

6. பாம்பு கடித்த இடத்தைக் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுக்காதீர்கள். பாம்பைத் துரத்தி நேரத்தைப் போக்காதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல், அசைக்காமல் கொண்டு செல்லுங்கள்.

7. கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டார், எந்த நோய்க்கு என்ன மருந்து உட்கொள்கிறார், முன்பு மயக்க மருந்து ஒவ்வாமல் போனதுண்டா என்பவற்றை அறிந்தவர் ஒருவர் உடன் செல்ல வேண்டும்.

8. மூச்சே இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் விடாமல் அழுத்துங்கள். 108-இல் பேசுவோர் வழிகாட்டுவார்கள்.

பஞ்சாயத்தின் கடமை

கடலூரில் அரசாங்கத் தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் 1985-ஆம் ஆண்டில் ஏற்பட்ட மருத்துவக் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் 2021-ஆம் ஆண்டில் தமிழக அரசின் சுகாதாரத் துறையின் கீழ் வந்தன. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் திட்டமும் 2021 டிசம்பரில் தொடங்கிற்று. வசதிகள் இவ்வாறு வளர்ந்திருக்க, நோயாளி அங்கே போய்ச் சேரும்வரை அவருடைய நுரையீரலைக் கெடாமல் காப்பது ஊராரின் பொறுப்பாகிறது.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதில் பலவற்றைச் செய்யலாம். வருகின்ற கிராம சபைக் கூட்டத்தில் மேற்கண்ட எட்டு விதிகளையும் உரக்கப் படித்துக் காட்டலாம். ஆரம்ப சுகாதார நிலையத்து ஊழியரை அழைத்து, ஒருக்களித்துப் படுக்கவைக்கும் முறையை ஓர் இளைஞரைப் படுக்கவைத்தே செய்து காட்டச் சொல்லலாம். 108 வண்டி தெருக்கோடிவரை வரத் தடையாயிருக்கும் ஆக்கிரமிப்புகளை நீக்கலாம். விவசாயிகள் பூச்சிமருந்தை அதன் சொந்தப் புட்டியிலன்றி வேறு எதிலும் ஊற்றி வைப்பதில்லை என்றும், பூட்டிய பெட்டியில்தான் வைப்பது என்றும் உறுதி செய்துகொள்ளலாம். இவற்றுக்குப் பெரும் பணம் ஏதும் தேவையில்லை.

அந்தச் சிற்றூருக்கு நாம் மறுபடியும் சென்றிருந்தோம். கூட்டம் முடிந்தபின் அந்த அம்மையார் முன்வந்து, தம் மகளை அழைத்து, அவளைக் கொண்டே இடப்புறம் படுக்கவைக்கும் முறையை மற்றப் பெண்களுக்குச் செய்து காட்டச் சொன்னார். அன்று நம் வாயில் வராத ஒரு சொல்லை இன்று அவ்வூரில் சிறு பிள்ளைகளும் அறிவார்கள்: “வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள்.” நம் மாவட்டத்தின் ஒவ்வொரு கிராமமும் இச்சொல்லை அறிந்திருக்குமானால், வைத்தியரின் ஒரு நிமிஷ முயற்சி வீண்போகாது.